மூத்த வித்வான்களின் நாயனத்தை நேரில் கேட்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையோரத்துக்கான குறிப்புகள்

எழுபதைத் தாண்டிய நாயன (நாதஸ்வர) வித்வான் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய், தேர்க் கூட்டத்தில் நசுங்கி, ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே நாலு பிடி (ராகத்தின் சிறு துணுக்கு) மட்டும் காதில் விழுந்து, "அவருக்கு வயசாகிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர் வாசிப்பில் குறை இருந்திருக்காது. போன நாளும் நின்ற இடமும்தான் தவறியிருக்கும். இளைஞர்களின் செட்டை (மேளக் குழுவை) எங்கே நின்றும் கேட்கலாம். வேகமும் சத்தமும் நம்மை எட்டிப் பிடித்துவிடும். வயதான நாயனத்துக்கு நாம்தான் கிட்டப் போக வேண்டும். எந்த நாள், எந்த மணி, எத்தனை அடி தூரம் என்பதையெல்லாம் பார்த்துப் போக வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் என்று நீளும் கரையோரத்துக்காக எழுதியவை இவை.

வயது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது

இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் காது சரியான இடத்தில் நிற்கும். நாயனத்தில் நாதம் பிறப்பது சீவாளியில். நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டை உதட்டால் கவ்வி, மூச்சை உள்ளே செலுத்துகிறார்கள். குழலில் ஏழு விரல் துளைகள்தான் உண்டு. அதற்குக் கீழே உள்ள ஐந்து துளைகள் மெழுகு வைத்துச் சுருதி சரிசெய்வதற்கானவை. ஏழு துளைக்குள் எல்லாச் சுரமும், எல்லா அசைவும் வரவேண்டும் என்றால் விரல் பாதி வேலையைச் செய்ய, உதடும் மூச்சும் மீதியைச் செய்ய வேண்டும். அதனால் பல் விழுந்தால் சீவாளியைக் கவ்வும் பிடி மாறும். நெஞ்சில் காற்று குறைந்தால் நீண்ட கார்வை, அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பது, குறையும். மேல் ஸ்தாயியில் நிற்பதும், தொடர்ந்து பிருகாக்களை (அதிவேகச் சுரக் கோவைகளை) உதிர்ப்பதும் முதலில் போகின்றவை.

போகாமல் இருப்பது ராகத்தின் நடை. எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு விலகுவது, ஒரு பிடிக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்ற கணக்கு ஐம்பது வருட வாசிப்பில் ஊறியது. மூச்சு குறைந்த வித்வான் பிடிகளைச் சிறிதாக்கிக்கொள்வார், இடைவெளியை அதிகமாக்குவார். கீழ் ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியிலும் அதிக நேரம் உலாவுவார். அந்த இடைவெளிகளை இணை நாயனம் வாசிப்பவர், பெரும்பாலும் மகனோ சீடரோ, சுருதி விடாமல் நிரப்புவார். கேட்கப் போகிறவர் காத்திருக்க வேண்டியது ராக ஆலாபனைக்கு, தாளம் இல்லாமல் ராகத்தை விரிக்கும் பகுதிக்கு. மூத்தவரின் முழு அளவும் தெரிவது அங்கேதான்.

தவிலுக்குக் கணக்கு வேறு. தவில் கனமான வாத்தியம். பலா மரக் கட்டை, அதன்மேல் தோல், வளையம். இப்போது பலர் வைத்திருக்கும் இரும்பு வளையமும் போல்ட்டும் போட்ட தவில், தோல் வாரால் இறுக்கிய பழைய வார்த் தவிலைவிடக் கனம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க வீதியில் நடக்க வயதான தோளும் முட்டியும் இடம் தராது. மூத்த தவில்காரரைக் கேட்க வேண்டுமானால் வீதி உலாவில் தேடாதீர்கள். உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிக்குப் போங்கள்.

எந்த நாள்

பத்து நாள் திருவிழாவில் எல்லாரும் போவது தேரோட்டத்துக்கும் தீர்த்தவாரிக்கும். நாயனம் கேட்க அந்த இரண்டு நாட்களும் ஆகாது. வெடி, கூட்டம், போலீஸ் மைக், போதாக்குறைக்கு இப்போதெல்லாம் செண்டை மேளம். செண்டைக்கு முன்னால் எந்த நாயனமும் நிற்காது. அதிலும் வயதான மூச்சு மூன்று நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உள்ள இரவுகள் நல்லவை. கொடியேற்றத்தன்று காலையும் நல்லது. கூட்டம் இருக்கும், ஆனால் எல்லாரும் கொடிமரத்தைச் சுற்றி ஓரிடத்தில் நிற்பார்கள்.

ராமேசுவரத்தில் மாசி மகா சிவராத்திரி, ஆனியில் ராமலிங்கப் பிரதிஷ்டை, ஆடித் திருக்கல்யாணம் ஆகிய மூன்றும் பெரியவை. ஆனி விழா மூன்று நாள்தான். ஆடித் திருக்கல்யாணம் பதினேழு நாள் என்பதால் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு நாள் தோதாக வாய்க்கும். இந்த விழாக்களில் சுவாமியும் அம்பாளும் ராமர் பாதம் மண்டகப்படிக்கு (சாமி தங்கி உபசாரம் பெறும் இடத்துக்கு) எழுந்தருளும் நாளில் கோயில் நடை சாத்தியிருக்கும். அன்று கோயிலுக்குப் போய் நிற்காமல் மண்டகப்படிக்கே போய்விடுங்கள். திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாளுக்குப் பங்குனியில் பிரம்மோற்சவம். உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்குச் சந்தனம் களையும் மார்கழி ஆருத்ரா நாள் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அன்று அங்கே கேட்பதற்கு ஓரடி இடம் கிடைக்காது. தரிசனத்துக்குப் போங்கள், நாயனத்துக்கு வேறு நாள் வையுங்கள்.

நவராத்திரிக்கு ராமநாதபுரம் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் தனி. பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919), ராம்நாடு கிருஷ்ணன் (1918–1973), மிருதங்கம் முருகபூபதி என்று இசைக்காரர்களைத் தந்த ஊர் இது. இங்கே உட்கார்ந்து கேட்கும் பழக்கம் உள்ள கூட்டத்தை நவராத்திரி இரவுகளில் பார்க்கலாம்.

யார் வாசிக்கிறார் என்று கண்டுபிடிப்பது தனி வேலை. திருவிழாப் பத்திரிகையில் பெரும்பாலும் "மங்கள இசை" என்று ஒரு வரிதான் இருக்கும். பெயர் போட்டிருந்தாலும் எந்த நாள் என்று இருக்காது. சிறப்பு மேளத்தை அழைப்பது பல இடங்களில் மண்டகப்படிக்காரர்கள், அதாவது அன்றைய உபசாரத்தை ஏற்று நடத்துகிறவர்கள். ஆகவே பத்திரிகையில் அன்றைய மண்டகப்படி யாருடையது என்று பார்த்து, அந்தக் குடும்பத்தாரிடமோ சங்கத்தாரிடமோ கேளுங்கள். அதைவிடச் சுலபமான வழி, காலைப் பூசையின்போது கோயில் மேளக்காரரிடம் கேட்பது. வெளியூர் செட் எப்போது வருகிறது, பெரியவர் கூட வருகிறாரா, அல்லது மகன் மட்டும்தானா என்பது அவருக்குத்தான் தெரியும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் நல்ல வழிகாட்டிகள். கேட்கும்போது "பெரியவர் வர்றாங்களா?" என்பதோடு நிறுத்தாமல் "வாசிக்கிறாங்களா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் அவர் உடன் வந்து தாளம் மட்டும் போடுவார்.

எந்த மணி

உதட்டுத் தசையும் சீவாளியும் பதமாக இருபது நிமிடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வயதான உதடு தளரும். நடுவில் உள்ள நாற்பது நிமிடம்தான் நீங்கள் தேடிப் போவது. இதனால் ஆரம்பத்திலேயே போய் நிற்பது அவசியம்; ஒன்பது மணிக் கச்சேரிக்குப் பத்தரைக்குப் போனால் இணை நாயனத்தைத்தான் கேட்பீர்கள்.

புறப்பாட்டுக்கு முதலில் மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியம் (பாட்டு வரிகள்) இல்லாமல், மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசிப்பது. தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஒன்று உண்டு. மல்லாரி கேட்டாலே சாமி எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரு முனையில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். மூத்தவர் மல்லாரியைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அப்படி நடந்தால் ஏமாந்து கிளம்பிவிடாதீர்கள். முதல் மண்டகப்படியில் சாமி நிற்கும்போது ஆலாபனைக்கு அவர் கைக்கு நாயனம் திரும்பி வரும்.

ராகத்துக்கும் நேரம் உண்டு. விடியலில் பூபாளம், பௌளி, மலயமாருதம், காலையில் பிலகரி, தன்யாசி, உச்சியில் மத்தியமாவதி, பொழுது சாயும்போது பூர்விகல்யாணி, கல்யாணி, இரவில் தோடி, காம்போதி, சங்கராபரணம், பள்ளியறைக்கு நீலாம்பரி. இது பொதுப் பழக்கம். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கும். யாரும் அதிகம் கவனிக்காத நேரம் பள்ளியறை நேரம். கூட்டம் கலைந்திருக்கும், தவில் அடங்கி இருக்கும், மூச்சை அழுத்திச் செலுத்த வேண்டியதில்லை. வயதான வித்வானுக்கு இதைவிடத் தோதான பத்து நிமிடம் நாள் முழுவதிலும் கிடையாது. கோயிலின் சொந்த மேளக்காரர் மூத்தவராக இருந்தால் திருவிழா வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, சாதாரண நாளிலேயே பள்ளியறைக்குப் போங்கள்.

எங்கே நிற்பது

வீதியில் சாமிக்கு முன்னால் மேளம் நடக்கும். நாயனம் நடுவில், தவில் இரு பக்கமும். நிற்கும் இடங்களில் பெரும்பாலும் சாமி பக்கம் திரும்பி வாசிப்பார்கள். அப்போது முதுகுப் பக்கம் இருந்தால் நாயனம் மங்கி, தவில் மட்டும் கேட்கும். பக்கவாட்டில், வித்வான் முகம் தெரியும்படி, பதினைந்திலிருந்து இருபதடி தள்ளி நில்லுங்கள். தவிலின் வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) நேர் எதிரே நிற்க வேண்டாம். அரை மணியில் காது அடைத்துவிடும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் பஞ்சு கொண்டுபோங்கள். ஜெனரேட்டர் வண்டி சப்பரத்துக்குப் பின்னால் வரும் என்பதால் மேளத்துக்கு முன்புறம் நடப்பது நல்லது.

ராமேசுவரம் மூன்றாம் பிராகாரம் போன்ற நீண்ட கல் மண்டபத்தில் வேறு விதி. கல் சத்தத்தை விழுங்காது, திருப்பி அனுப்பும். தவிலும் நாயனமும் சேர்ந்து வேகமாகப் போகும்போது தூரத்தில் நின்றால் எல்லாம் கலந்து ஒரே முழக்கமாகிவிடும். பத்து பதினைந்தடிக்குள் வாருங்கள். தவில் நின்று ஆலாபனை தொடங்கியதும் முப்பது நாற்பதடி பின்னால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கார்வையும் தூண்களுக்கு இடையே தங்கி, அடுத்த பிடிக்கு அதுவே சுருதி போல நிற்கும். மூச்சு குறைந்த வித்வானுக்கு அந்த மண்டபம் மூச்சு கொடுக்கிறது. இதற்காகவே ராமேசுவரத்தில் வீதி உலாவைவிட உள்பிராகார உலாவை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம்.

காற்று, ஈரம், சீவாளி

கரையோரத்துக்கே உரிய தொல்லை இது. ஆடியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும்) காற்று வீசும்போது திறந்த வீதியில் சத்தம் காற்றோடு போகும். இருபதடிக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. நூறடிக்கு மேல் போனால், காற்று வீசும் திசைப்பக்கம் தள்ளி நிற்பவருக்குக் கேட்பதில் பாதிகூட எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்காது. எனவே கச்சானில் கிழக்கே தள்ளி நில்லுங்கள், வாடையில் (வடக்கிலிருந்து வரும் காற்றில்) தெற்கே தள்ளி நில்லுங்கள்.

உப்புக் காற்றின் ஈரம் தவில் தோலைத் தளர்த்தும். தளர்ந்தால் வலந்தலை சுருதி இறங்கி, வெட்டென்று விழ வேண்டிய சொல் (தவில் அடி) தொளதொளக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் பாட்டுக்குப் பாட்டு இறுக்குகிறார்கள். இரும்புத் தவில் என்றால் ஸ்பேனரோடு ஒருவர் குனிந்திருப்பார். சீவாளிக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ஈரம் மிஞ்சினால் ஊறிப்போய்ச் சுருதி நழுவும். மின்விசிறிக் காற்றோ வெயில் காற்றோ நேரே பட்டால் காய்ந்து விறைத்து ஊமையாகிவிடும். வித்வான் அடிக்கடி சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துவதும், கழற்றி வேறொன்று மாட்டுவதும், நாயனத்திலிருந்து தொங்கும் சிறு குச்சியால் அதன் வாயைச் சரிசெய்வதும் வாசிப்பின் பகுதி. அந்த இரண்டு நிமிடத்தில் "ஏன் நிறுத்திட்டாங்க?" என்று குரல் கொடுக்கக் கூடாது. நல்ல சீவாளி அமைந்த பிறகு வரும் முதல் பிடியைக் கவனியுங்கள்.

பேச, கேட்க, கொடுக்க

நாயனமும் தவிலும் ஆயுள் முழுக்கக் காதருகே கேட்டவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பது சகஜம். பின்னாலிருந்து கூப்பிடாமல் முன்னால் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். "ஐயா" போதும். பெயர் சொல்லி "சார்" சேர்ப்பது இங்கே ஒட்டாது.

விருப்ப ராகம் கேட்கலாம், ஆனால் வாசிக்கத் தொடங்கும் முன்பு, கூட வந்த சீடர் வழியாக. "ஐயாவுக்குத் தோதுப்பட்டா இன்னிக்குக் காம்போதி கொஞ்சம் வாசிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க" என்றால் அவர் உடம்பு நிலை பார்த்துச் சொல்வார். சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்புவது பெரிய இடைஞ்சல். பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள். இருந்த நாற்பது நிமிட மூச்சில் பத்து நிமிடம் அதற்குப் போய்விடும்.

ராமேசுவரம் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. வீதியிலோ கச்சேரி மேடையிலோ பதிவு செய்வதானால் முதலில் செட் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். பத்தடிக்குள் பிடித்தால் தவில் அடி கைபேசியின் மைக்கை நிரப்பி நாயனம் கிழிந்து கேட்கும். இருபதடிக்கு மேல் தள்ளி, கைபேசியை மடியிலோ சட்டைப் பையிலோ வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுப் பதிவு செய்தால் தெளிவாக வரும். காற்று அடிக்கும் இடமென்றால் மேலே ஒரு மெல்லிய துணி. சுருதி விலகிய இடத்தையோ இருமிய இடத்தையோ வெட்டி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு வாழ்நாள் வாசிப்பை அந்தப் பத்து நொடியால் எடைபோட வைப்பது அநியாயம்.

மரியாதை செய்ய நினைத்தால் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கவரில் பணம். பொன்னாடைகள் அவர்கள் வீட்டுப் பீரோவில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும். அந்தச் செலவையும் கவரில் வைப்பது நல்லது. வாசிப்புக்கு நடுவே போர்த்தப் போக வேண்டாம். தாளக்காரருக்கும் சுருதிக்காரருக்கும் தனியாக ஒரு சிறு தொகை கொடுங்கள், அவர்களை யாரும் நினைப்பதில்லை.

நீங்களே அழைப்பதானால்

மண்டகப்படிக் குழுவில் இருப்பவர்களுக்கு இது. ஒரு செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதி, தாளம் சேர்த்து ஐந்தாறு பேர். பெரியவருக்காக அழைக்கிறீர்கள் என்றால் அதைப் பேசும்போதே சொல்லி, அவர் உட்கார்ந்து வாசிக்க ஒன்றரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். இரவு ஏழிலிருந்து எட்டரை சரியான நேரம். இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் ஸ்பீக்கர் சோதிக்கத் தொடங்கும் முன்பு முடிந்துவிட வேண்டும். வீதி உலாவில் கோபுர வாசலிலிருந்து முதல் மண்டகப்படி வரை அவர் வாசித்தால் போதும், அதன்பிறகு சீடர்கள் தொடரட்டும்.

மேடைக்கு ஓரடி உயரம் போதும். ஏறுவதற்கு ஒரு படியும் பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டும். சம்மணமிட முடியுமா என்று முன்பே கேட்டு, முடியாதென்றால் கை இல்லாத நாற்காலி வையுங்கள். கை உள்ள நாற்காலியில் நாயனத்தைத் தாழ்த்திப் பிடிக்க முழங்கை இடிக்கும். மின்விசிறி பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரட்டும், முகத்துக்கு நேரே வேண்டாம்.

மைக் செட்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: நாயனத்தின் அணைசுக்குள் (விரிந்த கீழ் வாய்க்குள்) மைக்கைத் திணிக்கக் கூடாது, இரண்டு மூன்றடி தள்ளி வைக்க வேண்டும், தவிலுக்கு மைக்கே வேண்டாம், எதிரொலிப் பொத்தானை முழுக்க அணைத்துவிட வேண்டும், ஒலியின் கூர்மையை (ட்ரெபிளை) குறைக்க வேண்டும். இருநூறு பேருக்குள் உள்ள கூட்டமென்றால் மைக்கே இல்லாமல் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நாயனம் திறந்தவெளிக்காகவே பிறந்த வாத்தியம்.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நாலைந்து மணி நேரப் பயணம். வந்த உடனே மேடையேற்றாமல் மதியத்துக்குள் வரவழைத்து, தரைத்தள அறையும் மேற்கத்தியக் கழிப்பறையும் ஏற்பாடு செய்யுங்கள். வாசிப்புக்கு முன் வயிறு நிறைந்தால் மூச்சு இறங்காது. இட்லி இரண்டு, வெந்நீர், கேட்டால் சுக்குக் காப்பி. முழுச் சாப்பாட்டை வாசிப்பு முடிந்த பிறகு சூடாகக் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரவு பதினொரு மணிக்கு இங்கே கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. பேசிய பணத்தையும் சாப்பாட்டுக்கு முன்பே, எண்ணி, தலைவர் கையில் கொடுத்துவிடுங்கள்.